மூணு நாப்பது

— சித்த இருங்க, உள்ள கால் வைக்காதீங்க. மொதல்ல சன்னலைத் தொறந்து போடறேன். ஆறு மாசத்துக் காத்து, மூக்குல ஏறும்.

— உன்னால முடியாது அம்மணி, கொக்கி துருப்புடிச்சுக் கெடக்குது. தள்ளு, நான் பாக்கறேன்... ம், வந்துருச்சு. அட, மாமா கட்டில் அப்படியே இருக்குது.

— பூட்டி வெச்ச ரூமுக்குள்ள யாருங்க வந்து பொரட்டிப் போடுவாங்க? அடியில கையை உடாதீங்க, தேள் கீள் இருக்கும். உங்களுக்கு உங்க கம்ப்யூட்டர் மிஷின்தானே வேணும்? அலமாரி மேல இருக்குது. எடுத்துட்டு வெளிய போங்க, நான் கூட்டோணும்.

— மிஷினும் வேணும், நீயும் வேணும். வெளக்கமாத்தை வெச்சுட்டு இப்படி உக்காரு மானசா. ஒரு சேதி சொல்லோணும். மூணு நாளாச் சொல்ல நேரம் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— என்ன, மறுபடியும் பெங்களூர் வேலைங்களா?

— அதில்லை. மாமா உசுரு மூணு நாப்பதுக்குப் போகலை அம்மணி.

— என்னங்க சொல்றீங்க?

— அந்த நேரம் தப்பு. மிஷின் தப்பாச் சொல்லிப்போட்டுது. மிஷினைச் சொல்லி என்ன, நான் எழுதினது தப்பு.

— ஆகாத நட்சத்திரத்துல போனாருன்னு வெச்ச அடைப்பு இன்னிக்குத்தான் முடிஞ்சு ரூமைத் தொறந்திருக்குது. புரட்டாசிச் சனிக்கிழமை வேற. இந்தப் பேச்சு வேண்டாமுங்க. போயிக் குளிச்சுட்டு வாங்க, பெருமாளுக்குத் தளிகை போடோணும்.

— கேளு கண்ணு, அஞ்சு நிமிஷம். நான் கெர்னல்ல எழுதினதை இன்டர்நெட்ல போட்டு வெச்சிருந்தேனில்லை? கெர்னல்னா...

— தெரியுமுங்க. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற எல்லாத்தையும் கட்டி மேய்க்கறது. எட்டு வருசமா அந்தச் சக்களத்தியோடதானே நானும் குடித்தனம் பண்றேன்.

— சரி. ஜெர்மனிக்காரன் ஒருத்தன் அதை எடுத்து அவன் மிஷின்ல போட்டுப் பாத்திருக்கான். மூணு நாளைக்கு முன்னால மெயில் போட்டான். “வேகம் குறையறது நல்லாத்தான் குறையுது, ஆனா கடிகாரமும் சேந்து குறையுது, கவனிச்சீங்களா”ன்னு. நான் கவனிக்கலை. எழுதின நாள்ல இருந்து ஒருக்காக் கூடக் கவனிக்கலை.

— எது குறைஞ்சா என்னங்க. எனக்கு இதெல்லாம் புரியாது.

— புரியும். நான் எதுக்காக அதை எழுதினேன்? சொல்லு பாக்கலாம்.

— நாயனாவுக்காக. படுக்கையில கெடந்த எங்கப்பனுக்காக.

— ஆமா. பங்குனி வெயில்ல தெனமும் மத்தியானம் ரெண்டு மணி நேரம் கரண்டு இருக்காது. மிஷின் பேட்டரி ஒன்றரை மணி நேரந்தான் நின்னுது. மாமா விரல்ல கிளிப்பு மாட்டியிருக்கும், நாடி பாக்க மிஷின் இருக்காது. அதனாலதான், சிப்பு சும்மா இருக்கறப்ப அரை வேகத்துல ஓடட்டும், வேலை வந்தா மட்டும் முழு வேகத்துக்கு ஏறட்டும்னு கெர்னல்ல சேத்தேன். ஸ்கிரீனையும் அணைச்சு வெச்சேன். மூணு மணி நேரம் நின்னுது.

— அன்னிக்கு மைசூர்பாகு வாங்கிட்டு வந்தீங்க. நாயனா வாயில ஒரு துணுக்கு வெச்சீங்க. வலது பக்கம் மட்டும் சிரிச்சாரு.

— வாதம் வந்து வாய்தான் போச்சு, மத்ததெல்லாம் தெளிவு. காது இருக்குதே, பாம்புக்காது. நாம சமையல் ரூம்புல நின்னு அவரைப் பத்திக் குசுகுசுன்னு பேசினா, இங்கிருந்து கட்டில் சட்டத்தைத் தட்டுவாரு.

— தட்டுவாருங்க.

— நீ நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஓடி வந்து, “உங்களைச் சொல்லலீங்க நாயனா, அவங்கம்மாவைச் சொன்னோம்”பே.

— சேதியைச் சொல்லுங்க. அடுப்புல பருப்பு கெடக்குது.

— கணக்கு என்னன்னா, கெர்னலுக்கு நேரம் எப்படித் தெரியும்? சிப்போட துடிப்பை எண்ணும். இத்தனை கோடி எண்ணினா ஒரு நொடின்னு, மிஷினைப் போட்டதுமே ஒருக்காக் கணக்கு வெச்சுக்கும். பொறவு அதை மாத்தாது. நான் துடிப்பைப் பாதியாக் குறைச்சுப்போட்டேன். கணக்கை மாத்தச் சொல்லலை. நூறு எண்ணினா இட்லி வெந்துரும்னு எண்ணிக்கிட்டு இருக்கறவளை, பாதி வேகத்துல எண்ணச் சொன்னா என்ன ஆகும்?

— இட்லி வெந்துருக்கும். அவ அம்பதுலயே நிப்பா.

— அதேதான்! அதேதான் அம்மணி. ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டருக்கெல்லாம் தேதி தப்பும்னு பேப்பர்ல போட்டுப் பயமுறுத்தறானுங்க. நம்மூட்டு மிஷினுக்குப் பங்குனியிலயே தப்பிப்போச்சு. மாமா தவறின அன்னிக்குக் கரண்டு எத்தனை மணிக்குப் போச்சு?

— ரெண்டு அம்பது. ஃபேன் நின்னுது, விசிறியைத் தேடினேன்.

— அதுவரைக்கும் மிஷின் நேரம் சரி. அப்பறம் அது அரை வேகத்துக்கு இறங்கிப்போச்சு. வெளிய ரெண்டு நிமிசம் ஓடினா அதுக்கு ஒரு நிமிசம். மூணு நாப்பதுன்னு அது எழுதினப்ப, நம்ம சுவத்துக் கடிகாரத்துல நாலு இருபத்தெட்டு.

— அஞ்சு மணிக்குக் கரண்டு வந்து ஸ்கிரீன் பத்திக்கிச்சே. நேரம் அஞ்சுன்னுதானே காட்டுச்சு? கோடு நேராப் போறதைப் பாத்துட்டு, நான் மொதல்ல நேரத்தைத்தான் பாத்தேன்.

— அதுவும் என்ற புத்திசாலித்தனம்தான். கரண்டு வந்ததும், உள்ள தனியா ஒரு குட்டிக் கடிகாரம் இருக்குது, அதைப் பாத்து நேரத்தைச் சரி பண்ணிக்கோன்னு எழுதி வெச்சிருந்தேன். மிஷின் எழுதின நாடிக் கணக்குல மூணு அம்பத்தாறுக்கு அடுத்த வரி அஞ்சு மணி. நடுவுல ஒரு மணி நேரத்தையே காணோம். அன்னிக்கே பாத்திருந்தா புரிஞ்சிருக்கும். நான் பெங்களூர்ல இருந்து அடிச்சுப் புடிச்சு வந்து எறங்கறேன், வாசல்ல சங்கு ஊதறாங்க, உங்கண்ணன் என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, “மாப்ளே, பஞ்சாங்கத்துக்கு நேரம் வேணும், உங்க மிஷின் சொல்லுமில்லை”ங்கறாரு. கடைசி நாடி எங்கேன்னு மட்டும் பாத்தேன். மூணு நாப்பதுன்னு சொல்லிப்போட்டேன்.

— சொன்னீங்க.

— நீ தண்ணி புடிக்கப் போனது மூணு மணிக்கு. திரும்பி வந்தது?

— அடுப்புல பருப்பைப் பாத்துட்டு வந்தர்றேனுங்க.

— மானசா. திரும்பி வந்தது எத்தனை மணிக்கு?

— நாலு பத்துங்க. முக்குக் கொழாயில அன்னிக்கு நெம்பக் கூட்டம். நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற சிறுவாணித் தண்ணி. நாயனா உப்புத்தண்ணி வாயில வெச்சாத் துப்பிருவாரு.

— அப்ப உனக்குப் புரியுதா நான் என்ன சொல்றேன்னு? மாமா தனியாப் போகலை அம்மணி. நீ வந்து பதினெட்டு நிமிசம் உயிரோட இருந்திருக்காரு. நீ இந்த ரூமுலதான் இருந்திருக்கே. நீயேதான் சொன்னியே, கால்மாட்டுல கீழ உக்காந்திருந்தேன், சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தாரு, தூங்கறாருன்னு நெனைச்சேன்னு.

— மூணு நாப்பதுன்னே இருக்கட்டுங்க.

— என்னது?

— அந்த நேரமே இருக்கட்டுமுங்க. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு, ஆறு மாசம் அடைப்பும் வெச்சாச்சு. இனி மாத்தி என்ன ஆகப்போகுது? செத்தவரு எந்திரிச்சா வரப்போறாரு?

— அடி பைத்தியமே, நான் உனக்காகத்தானே சொல்றேன்! அந்த ஒரு நேரத்தைச் சொல்லி இந்த ஆறு மாசமா உன்னை ஆளாளுக்குக் கொத்தினாங்களே. பொய்யி, அது சுத்தப் பொய்யி!

— அந்த நேரத்தை நம்பித்தானுங்க நான் சோறு திங்கறேன்.

— எங்கே சோறு திங்கறே? எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? அன்னிக்கிருந்து நீ ஒரு சொட்டு சிறுவாணி குடிக்கறதில்லை. எங்களுக்கெல்லாம் ஊத்திக் குடுத்துட்டு, நீ போர்த் தண்ணியை மோந்து குடிக்கறே. தேஜு சொல்லுச்சு. “அம்மா ஏம்ப்பா உப்புத்தண்ணி குடிக்குது”ன்னு.

— அந்தப் புள்ளைக்கு எல்லாத்தையும் கவனிக்கோணும்.

— அதைக் கேட்டு நான் பாத்ரூம்புக்குள்ள போயி அழுதேன். நெசமாத்தான் சொல்றேன்.

— ஏம்புள்ள மானசா! மாப்ளே! ரெண்டு பேரும் உள்ளயா இருக்கீங்க? தொறந்த ரூமுக்குள்ள மொதல்ல வெளக்கு வெக்கோணும், ஆளு போயி உக்காரக் கூடாது. தெரியாதா?

— வாங்க மச்சான். பொள்ளாச்சி பஸ்சு வெசையா வந்துருச்சாட்ட இருக்குது. நீங்க வரோணும்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

— சாமிக்கு எளநி ஒரு கொலை கொண்டாந்தேன், வாசல்ல கெடக்குது. அப்பறம் மாப்ளே, ஐயரைப் பாத்துட்டுத்தான் வாரேன். வருசத் திதிக்கு இப்பவே நாள் குறிச்சுக்கலாமுன்னாரு. மூணு நாப்பதுதானே, ரேவதி நட்சத்திரம்?

— ஆமாங்கண்ணா. மூணு நாப்பது.

— இல்லீங்க மச்சான். நாலு இருபத்தெட்டு.

— ஏனுங்க, வேண்டாமுங்க!

— நீ சும்மா இரு. மச்சான், அன்னிக்கு ரேவதி எத்தனை மணி வரைக்கும்?

— நாலு ரெண்டு வரைக்கும். அதுக்கு மேல அஸ்வினி. அன்னிக்கே ஐயரு சொன்னாரே, இன்னும் ஒரு அரை மணி நேரம் தாங்கியிருந்தா அடைப்பே இல்லைன்னு. எதுக்குக் கேக்கறீங்க?

— மாமா அஸ்வினியிலதான் போயிருக்காரு. என்ற மிஷின் மெதுவா எண்ணி, நேரத்தைக் குறைச்சுச் சொல்லிப்போட்டுது. மூணு நாளா ஒக்காந்து அதே மாதிரி பேட்டரி, அதே மாதிரி சிப்பு இருக்கற வேற மிஷின்ல ஓட்டிப் பாத்துட்டேன். ரெண்டு நிமிசம் முன்னப் பின்ன இருக்கலாம். நாலு இருபத்தெட்டு.

— அப்ப ஆறு மாசம் இந்த ரூமைச் சும்மாவா பூட்டி வெச்சோம்?

— சும்மாதானுங்க மச்சான். அதுகூடப் போகட்டும். மானசா நாலு பத்துக்கே ஊட்டுக்கு வந்துபோட்டா. மாமா கண்ணை மூடினப்ப இவ பக்கத்துலதான் இருந்திருக்கா.

— பக்கத்துலயா இருந்தா?

— மச்சான், உக்காருங்க. கட்டில்லயே உக்காருங்க, பரவால்லை.

— காரியத்தன்னிக்கு நான் என்ன சொன்னேன் மாப்ளே?

— அது இப்ப எதுக்குங்க.

— அத்தனை சனத்துக்கு முன்னால சொன்னேன். “அப்பனைவிடத் தண்ணிக்கொடம் பெருசாப் போச்சா”ன்னு. “என்ற ஊட்டுல இருந்திருந்தா நாதியத்துச் செத்திருப்பாரா”ன்னு. என்ற ஊட்டுல எங்கே வெச்சுக்கிட்டேன்? வாதம் வந்த மூணாம் நாள் டாக்சியில ஏத்தி, “கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்குது, மாப்ளே மிஷின் வெச்சிருக்காரு”ன்னு இவ தலையில கட்டிட்டுப் போனவன்தானே நான். பதினாலு மாசம். ஒரு நாள் நான் பீத்துணி அலசியிருப்பேனா?

— அண்ணா, உடுங்கண்ணா. எந்திரிங்க.

— அம்மணி, என்னை மன்னிச்சுரு.

— காலைத் தொடாதீங்க! அய்யோ, நீங்க மூத்தவரு, என்னங்கண்ணா இது! நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை. நீங்க சொன்னதுல தப்பே இல்லை. ஐயருகிட்ட மூணு நாப்பதுன்னே சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகுது.

— அது எப்படிச் சொல்லுவேன்? பெத்த அப்பனுக்கு நேரம் மாத்தித் திதி குடுக்கறதா? ரேவதியைச் சொல்லி உன்னைக் கொன்னேன், அஸ்வினியைச் சொல்லித்தான் உன்ற பழியை எறக்கோணும். காரியத்துக்கு வந்த ஒவ்வொரு ஊட்டுக்கும் போயி, “என்ற தங்கச்சி பக்கத்துல இருந்துதான் அப்பனை அனுப்பி வெச்சா”ன்னு நானே சொல்லறேன். இரு, மொதல்ல ஐயரு ஊட்டுக்குப் போன் போட்டுட்டு வாரேன். முக்குல எஸ்.டி.டி. பூத்து இருக்குதில்லை?

— அண்ணா! அண்ணா, நில்லுங்கண்ணா!

— போகட்டும் உடு. அவருக்கும் நெஞ்சு அடைச்சுக் கெடந்திருக்குது. ஏன் கண்ணு, அவரை ஏன் தடுக்கறே? சந்தோசப்படுவேன்னு நெனைச்சேன்.

— என்னால முடியலீங்க. நீங்க ஏனுங்க அந்த மெயிலைப் பாத்தீங்க.

— இந்தா. டம்ளரைப் புடி.

— என்னது?

— சிறுவாணி. இன்னிக்குக் காலையில நானே கொடம் தூக்கிட்டுப் போயிப் புடிச்சேன், நீ பாக்கலை. ஆறு மாசம் போதும். குடி.

— வேண்டாமுங்க.

— குடிச்சுத்தான் ஆகோணும். அன்னிக்கு நீ புடிச்ச தண்ணி மாமா வாய்க்கு எட்டவே இல்லை, உங்கண்ணன் கடைசியா வாயில ஊத்தறதுக்குப் பக்கத்து ஊட்டு சூசைமேரி அக்காகிட்ட வாங்கினோம்னு சொன்னாங்க. அதென்ன, ஒரு மணி நேரம் வரிசையில நின்னு புடிச்சே, ஊட்டுல ஒரு சொட்டுக் கூட இல்லையாமா?

— கொட்டிப்போச்சுங்க.

— எங்கே?

— இங்கதான். நீங்க நிக்கற எடத்துல. நிலைப்படி தடுக்கிக் கொடம் சாஞ்சுபோச்சு. ரூம் பூரா தண்ணி. கட்டிலுக்கு அடியில ஓடுச்சு.

— அட பாவமே. இதைச் சொல்லவே இல்லையே நீ.

— சொல்றதுக்கு என்ன இருக்குது. அவரு வேற துணியோட எல்லாம் போயிருந்தாரு, வாடை வந்துது. காலையில இருந்து மூணாவது தடவை. எனக்கு எந்திரிக்கவே முடியலை. தண்ணிக்குள்ளயே உக்காந்துட்டேன்.

— அழுவாதே. அழுவாதே கண்ணு. இங்க பாரு, அன்னிக்கே ஃபிளாப்பியில எடுத்து வெச்சிருந்ததை, உன்கிட்டக் காட்டோணும்னே இந்தத் தாள்ல பிரிண்டு எடுத்துட்டு வந்தேன். நிமிசத்துக்கு ஒரு வரி, மாமாவோட நாடி. அறுபத்திரண்டு, அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு. நீ தண்ணிக்குப் போயிருந்த நேரம் பூரா இதேதான். பயப்படலை, தவிக்கலை, நிம்மதியாப் படுத்திருந்திருக்காரு. மிஷினும் அரை வேகத்துலயே தூங்குது.

— போதுமுங்க.

— இந்த எடம்தான் அம்மணி. இந்த எடத்தைப் பாரு. நான் எழுதின வேகம் கூட்டற வித்தை இருக்குதே, அது அன்னிக்கு மத்தியானம் பூரா ஒரே ஒரு தடவைதான் வேலை செஞ்சிருக்குது. நாடி அறுபதுல இருந்து நூத்திப் பதினெட்டுக்கு எகிறியிருக்குது. ஒழுங்கில்லாமத் துடிச்சிருக்குது. அதைக் கணக்குப் போட வேலை அதிகமாச்சுன்னு, மிஷின் முழிச்சு முழு வேகத்துக்கு ஏறி, ரெண்டு நிமிசம் ஓடியிருக்குது. அப்பறம் மறுபடி இறங்கிருச்சு. மாமாவும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, பன்னெண்டு நிமிசத்துல அடங்கிட்டாரு.

— எத்தனை மணிக்குங்க? அந்த ரெண்டு நிமிசம்?

— நாலு பதினாலு. நாலு பதினாலுல இருந்து பதினாறு.

— தேஜுவோட ஸ்கூல் வேன் ஹாரன் அடிச்ச நேரம்.

— ஆமா! நானும் அதைத்தான் நெனைச்சேன். பேத்தி வந்துட்டாங்கற சந்தோசமா இருக்கும். ஆனா புள்ளை உள்ளயே வரலையில்லை? வாசல்லயே நிறுத்தி சூசைமேரி அக்கா ஊட்டுக்கு அனுப்பிட்டியாமே, ஏன்?

— என்ற மூஞ்சியைப் புள்ளை பாக்கக் கூடாதுன்னுதான்.

— அப்ப ரூமுல நீ மட்டுந்தான். நீ வந்தது தெரிஞ்சுதான் அந்தத் துடிப்பு. நீ ஏதாச்சும் பேசினியா அவருகிட்ட? தனியா வாய்விட்டுப் பேசுவியே, வழக்கம்தானே.

— பேசினேனுங்க. ஹாரன் சத்தம் கேக்கற வரைக்கும் பேசினேன். தூங்கறாருன்னு நெனைச்சுத்தான் பேசினேன்.

— தூங்கலை அம்மணி! இந்த நாடியைப் பாரு, தூங்கறவனுக்கு இப்படித் துடிக்குமா? முழிச்சுத்தான் இருந்திருக்காரு.

— நீங்க வந்து மூணு நாப்பதுன்னு சொன்னப்ப, பெருமாளே, என்னைக் காப்பாத்திட்டியேன்னு கும்பிட்டேனுங்க. பொணத்துக்கிட்டத்தான் பேசியிருக்கேன்னு. ஆறு மாசமா இந்தக் கதவுக்கு முன்னால வெளக்கு வெச்சு அதையேதான் கும்பிட்டேன்.

— பொணத்துக்கிட்ட இல்லை. உயிரோட இருந்த அப்பங்கிட்டப் பேசியிருக்கே. உன்ற குரலைக் கேட்டுக்கிட்டேதான் போயிருக்காரு, அதைவிட ஒரு மனுசனுக்கு என்ன வேணும்?

— நல்லாத் தெரியுமுங்களா? அவருக்குக் காதுல உழுந்திருக்குமுங்களா?

— சத்தியமா உழுந்திருக்கும். தேஜு மேல ஆணையாச் சொல்றேன், ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கும்.

— அப்ப, “எப்பத்தான் செத்துத் தொலைவீங்க நாயனா, என்னை உட்டுப் போயிருங்க”ன்னு நான் கும்பிட்டுக் கேட்டதும் கேட்டிருக்குமுங்களே.